மூன்றாவது சம்மதம்

பிரின்ஸிக்கு வக்கீல் பார்க்க வேண்டிய வேலை சகாயநாதன் தலையில் விழுந்தபோது, நாற்றங்காலில் நாற்று நடவுக்குத் தயாராகி நின்றது. புரட்டாசி மாதம். பூதலூர்ப் பக்கம் எந்த வயலைப் பார்த்தாலும் டிராக்டர் சேறு கலக்கிக்கொண்டிருந்தது. மகள் தஞ்சாவூரில் ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேப்பில் வேலை பார்த்தாள். புருஷன் வீட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசை முடிந்து வந்து, அப்பாவுக்குத் தோசை ஊற்றிப் போட்டுக்கொண்டே, கல்லிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்.

"அப்பா, எனக்கு ஒரு வக்கீல் பாருங்க. இப்படியே இழுத்துக்கிட்டுக் கெடக்க வேணாம். முடிச்சிக்கலாம்."

சகாயநாதன் தோசையைப் பிய்த்தார், சட்னியில் தோய்த்தார், வாயில் வைக்க மறந்துவிட்டார்.

"நடவு முடியட்டுமேம்மா."

"நடவு வருஷா வருஷம் வரும்ப்பா."

அவருக்கு வக்கீல் என்றால் வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, அடங்கல் நகல். அவர் அப்பா காலத்திலிருந்து பழக்கமான வக்கீல் ஒருவர் இருந்தார், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். புருஷன் பொண்டாட்டி வழக்குக்கு யாரிடம் போவது, யாரிடம் கேட்பது? கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். கடைசியில் உரக்கடை நௌஷாதிடம், டி.ஏ.பி. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், தெரிந்தவர்கள் வீட்டு விஷயம் என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"யாருக்குண்ணே?"

"சொந்தத்துல ஒருத்தங்களுக்கு."

நௌஷாத் அவர் முகத்தை ஒரு நொடி பார்த்தான். மேலே கேட்கவில்லை. "தஞ்சாவூர்ல சூர்யபிரகாஷ்னு ஒருத்தர் இருக்காருண்ணே. சுறுசுறுப்பானவரு. என் மச்சானுக்கு அவருதான் பாத்தாரு" என்று சொல்லி நம்பரையும் கொடுத்தான்.

சுறுசுறுப்புக்குக் குறைவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஏசி போட்ட அறை. அப்பாவையும் மகளையும் உட்காரச் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து கேட்க ஆரம்பித்தார்.

"அடிப்பாராம்மா?"

"இல்ல சார்."

"குடி?"

"இல்ல."

"வேற பொண்ணு கிண்ணு?"

"அதெல்லாம் இல்ல சார்."

"மாமியார் கொடுமை? நகை கேட்டாங்களா?"

"அத்தை நல்லவங்க."

வக்கீல் பேனாவை மூடினார். "என்னம்மா, எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னா நான் எதை வச்சிக் கேஸ் போடறது? மனுவுக்குன்னு ஒரு கட்டு இருக்கு. அடிச்சாரு, தலைமுடியப் புடிச்சி இழுத்தாரு, பட்டினி போட்டாருன்னு நாலு வரி எழுதினாத்தான் அந்தப் பக்கம் பயந்து வழிக்கு வரும். நீங்க ஒண்ணும் பேச வேணாம். ஐயா மட்டும் சாட்சிக்கு வந்து, ஆமா நான் பாத்தேன்னு சொன்னாப் போதும்."

"நான் என்னத்தப் பாத்தேன்?" என்றார் சகாயநாதன்.

"பாத்ததாச் சொல்லணும்."

பிரின்ஸி எழுந்துவிட்டாள். "அவரு என் மேல ஒருநாளும் கை வச்சதில்ல சார். வச்சாருன்னு எழுதி எனக்கு எதுவும் வேணாம்."

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. "வேற வக்கீல் பாப்பம்ப்பா" என்று சொல்லிவிட்டு அவள் லேப்புக்குப் போய்விட்டாள். சகாயநாதனுக்கு மட்டும் நடை லேசாகிவிட்டது. அடிக்கவில்லை, குடிக்கவில்லை, இன்னொருத்தி இல்லை. வழக்குப் போட ஒரு காரணம்கூட இல்லை என்று வக்கீலே சொல்லிவிட்டார். அப்படியென்றால் இதெல்லாம் சின்னப் பிணக்குத்தானே? ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆலக்குடி தாண்டியதும் விரிந்த சேற்று வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். நினைப்பு தானாக ஜெனித்திடம் போனது.

ஜெனித் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரன். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, பூண்டி மாதா கோயிலில் வைத்துக் கல்யாணம். கல்யாணமான வருஷமே சம்பா நடவுக்கு மாமனார் வீட்டுக்கு வந்து நின்றான். ஆண்பிள்ளை இல்லாத வீடு, ஒத்தாசைக்கு இருக்கட்டும் என்று அவனுக்கே தோன்றியிருக்கிறது. பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கினவன், இரண்டாவது அடி வைப்பதற்குள் இடுப்புவரை சேற்றில் உட்கார்ந்துவிட்டான். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் குலவை போட்டார்கள்.

"ஏ புது மாப்ள, தென்னமரத்துல ஏறத் தெரியுது, சேத்துல எறங்கத் தெரியலையா?"

"மரத்த நாமதான்க்கா புடிச்சிக்கணும். இந்தச் சேறு நம்மளப் புடிச்சிக்குதே!"

அவ்வளவுதான், பெண்களுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஒரு முடி நாற்றைக் கையில் கொடுத்து நடச் சொன்னார்கள். அவன் நட்ட வரிசை சாரைப்பாம்பு போனதுபோல் வளைந்து நெளிந்து கிடந்தது. அதைப் பிடுங்கி நடவேண்டாம் என்று சகாயநாதனே சொல்லிவிட்டார். கதிர் முற்றும்வரை அந்த வளைசல் அப்படியே இருந்தது. வயல்பக்கம் வந்தவர்களிடமெல்லாம் "எங்க மாப்ள நட்டது" என்று காட்டுவார். அடுத்த வருஷம் அவன் நாற்று பறிக்க, மடை திருப்ப, வரப்புக்கு அண்டை வெட்டக் கற்றுக்கொண்டான். தண்ணீர் வடித்த வயலில் விரால் பிடித்துக்கொண்டு வருவான். சகாயநாதனின் மனைவி செசிலி மண்சட்டியில் புளி கரைத்துக் குழம்பு வைப்பாள். செசிலி படுக்கையில் விழுந்தபோது, சாக்கில் இளநீர் கொண்டுவந்து, சீவி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாயில் விட்டவனும் அவன்தான். அவள் அடக்கத்தன்று சவப்பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் அவன் தோள் கொடுத்தான். வேறு யாரையும் விடவில்லை.

பிறகு கஜா புயல் வந்தது. ஒரே ராத்திரியில் ஜெனித்தின் அப்பா வைத்த தோப்பு முழுக்க வேரோடு சாய்ந்தது. சகாயநாதன் போய்ப் பார்த்தபோது மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஜெனித் ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். "வாங்க மாமா" என்றான். அதற்குமேல் அன்று அவன் பேசவில்லை. அதன் பிறகு அவன் சம்பாவுக்கு வரவில்லை. மரம் அறுத்து அப்புறப்படுத்தும் வேலை இருக்கிறது என்றான். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னான். அப்புறம் ஒருநாள் பிரின்ஸி வந்து சேர்ந்தாள். "அங்க இருக்க முடியலப்பா" என்றாள். ஏன் என்று ஒருதடவை கேட்டார். "சொன்னாப் புரியாதுப்பா" என்றாள். அவர் விட்டுவிட்டார்.

இரண்டாவது வக்கீலைப் பிரின்ஸியே தேடிக்கொண்டாள். லேப்பில் கூட வேலை செய்யும் பெண் சொன்னது. விஜயலட்சுமி என்று பெயர். கீழவாசல் பக்கம் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடி. கீழே அண்டா குண்டான் உருட்டும் சத்தம் மேலே வந்துகொண்டே இருக்கும். ஐம்பது வயதிருக்கும் அம்மாள், கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை. உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையே இதுதான்:

"ஐயா, நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க."

"நான் அவ அப்பாம்மா."

"தெரியுதுங்கய்யா. அதுக்காகத்தான் சொல்றேன்."

சகாயநாதன் மாடிப்படியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். வெகுநேரம் ஆனது. ஒரு டீ குடித்தார், இன்னொரு டீயும் குடித்தார். கதவு திறந்தபோது பிரின்ஸியின் கண் சிவந்திருந்தது. அப்படி என்ன பேசினார்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"இதுல யார் மேலயும் பழி போட வேண்டியதில்லங்கய்யா" என்றாள் விஜயலட்சுமி. "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே மனுவாப் போடலாம். பரஸ்பர சம்மதம்னு சொல்லுவாங்க. கிறிஸ்தவங்களுக்கு ரெண்டு வருஷம் பிரிஞ்சி இருந்திருக்கணும், அது ஆயிருக்கு. மனுப் போட்டதும் ஆறு மாசம் யோசிக்க டயம் கொடுப்பாங்க. அப்புறமும் ரெண்டு பேரும் சம்மதம்னு சொன்னா முடிஞ்சிடும். கோயில் விஷயம் வேற. அதுக்கு மேற்றிராசனத்துல, பிஷப் ஆபீஸ்ல, தனியா மனுக் குடுக்கணும், அதைப் பின்னால பாத்துக்கலாம்."

"அந்தப் பையன் சம்மதிக்கணுமே."

"நான் பேசறேன். ஆனா ஒண்ணு. இனிமே அந்தப் பக்கம் எது பேசறதா இருந்தாலும் என் மூலமாத்தான். நீங்க யாரும் போன் பண்ணாதீங்க. ஒரு வார்த்தை முன்னப்பின்ன ஆனா மொத்தமும் கெட்டுப் போயிடும்."

சகாயநாதன் தலையை ஆட்டினார். சாயந்திரம் வயலுக்குப் போனதும், வரப்பில் நின்றபடியே ஜெனித்துக்குப் போன் போட்டார்.

"மாப்ள, வக்கீலம்மா பேசினாங்களா?"

"பேசினாங்க மாமா. வெள்ளிக்கெழம வரச் சொன்னாங்க."

"அவசரப்படாதீங்க. நடவு முடியட்டும், பொங்கல் கழியட்டும். கோவம் தணிஞ்சிடும். அவ அம்மா மாதிரிதான் அவளும். படபடன்னு பேசுவா, அப்புறம் தானா அடங்குவா."

"சரி மாமா" என்றான். பிறகு, "தண்ணி ஒழுங்கா வருதா?"

"எங்க வருது. மேல்மடைக்காரன் அடைச்சி அடைச்சி வச்சிக்கிறான்."

"ராசு அண்ணன்தானே? மத்தியானம் போங்க மாமா, அவரு தூங்கற நேரம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தண்ணீரைப் பற்றி, பொன்மணி விதையைப் பற்றி, உரம் கிடைக்காததைப் பற்றிப் பேசினார்கள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளைக்கொருதரம் அந்தப் பேச்சு நடந்தது. நடவு முடிந்தது. ஜெனித் வக்கீல் ஆபீசுக்கு வரவில்லை. காய்ச்சல் என்றான். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றான். முதல் களை எடுத்து முடித்தார்கள். அப்போதும் வரவில்லை.

பொய் அவனுக்கு ரொம்பநாள் ஓடவில்லை. விஜயலட்சுமி ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்: "உங்களுக்கு விருப்பம் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க தம்பி." அவன், "மாமாதான் பொறுக்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டான்.

அப்பாவையும் மகளையும் ஒன்றாக வரச் சொன்னாள் வக்கீல். இந்தமுறை அவரை வெளியே அனுப்பவில்லை.

"ஐயா, போன் பண்ணீங்களா?"

"நல்லது நடக்கட்டுமேன்னு…"

"உங்க வயசுக்கு நான் சொல்லக் கூடாது. ஆனா என் கட்சிக்காரங்க இவங்க. இவங்க விவாகரத்து கேக்கறாங்க. அந்தத் தம்பியும் தர்றேன்னுதான் சொன்னாரு. தர மாட்டேன்னு நிக்கறது நீங்கதான். இந்தக் கல்யாணத்துல இவங்க ரெண்டு பேரும் எப்பவோ வெளிய வந்துட்டாங்க. நீங்க மட்டும்தான் இன்னும் உள்ள இருக்கீங்க."

சகாயநாதன் மகளைப் பார்த்தார். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிப்படி இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். சத்தம்கூடப் போடவில்லை.

"நீங்க அவரையே வச்சிக்கங்கப்பா."

அன்றிலிருந்து அவள் வீட்டுக்கு வரவில்லை. தஞ்சாவூரிலேயே ஒரு ஹாஸ்டலில் தங்கிக்கொண்டாள். போன் செய்தால் எடுப்பாள், "ம்" என்பாள், "வேல இருக்கு" என்பாள். பிறந்ததிலிருந்து அப்பாவிடம் ஒருநாளும் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தவளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனக்குத்தானே உப்புமா கிண்டிக்கொண்டார். உப்பு போட மறந்த உப்புமா.

கல்லறைத் திருநாளன்று காலை மெழுகுவத்தியும் சாமந்தியும் வாங்கிக்கொண்டு செசிலியின் கல்லறைக்குப் போனார். அங்கே ஏற்கெனவே மெழுகுவத்தி பாதிவரை எரிந்து உருகியிருந்தது. புல் பிடுங்கிச் சுத்தம் செய்து, செவ்வந்தியைச் சிலுவை மாதிரி அடுக்கியிருந்தது. பிரின்ஸி முதல் ரயிலுக்கே வந்து, அவர் கண்ணில் படாமல் போயிருக்கிறாள். இருக்கிறது ஒரே வீடு, ஒரே கல்லறை. அதற்கும் அப்பனும் மகளும் வேறுவேறு நேரத்தில் வர வேண்டியதாகிவிட்டதே என்று சகாயநாதன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கொண்டுபோன மெழுகுவத்தியைக் கொளுத்தக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்.

ஜெனித்தின் அம்மா மரியபுஷ்பம் வாசலிலேயே நின்றாள். "வாங்க சம்பந்தி" என்றாள், ஒன்றும் நடக்காததுபோல. நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் தாராளமாக ஊற்றிய குழம்பு. அவர் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் இலையில் சோற்றைப் போட்டாள்.

"எம் மருமவ நல்லா இருக்காளா?"

"இருக்கா."

"அவள நான் ஒரு சொல்லு குத்தமாச் சொல்ல மாட்டேன். நீங்க சாப்பிட்டுட்டுத் தோப்புக்குப் போங்க. அவன் அங்கதான் கெடக்கான்."

தோப்பு மறுபடி முளைத்திருந்தது. புயலுக்குப் பின் வைத்த கன்றுகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மட்டை விரித்திருந்தன. ஒன்றிரண்டில் பாளைகூட வெடித்திருந்தது. இடையிடையே பழைய மரங்களின் அடிக்கட்டைகள் புல் மூடிக் கிடந்தன. ஜெனித் கன்றைச் சுற்றிப் பாத்தி வெட்டி, தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தான். ஆள் மெலிந்திருந்தான். அவரைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"மாமா, சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே."

இருவரும் ஒரு கட்டைமேல் உட்கார்ந்தார்கள். ஜெனித் இளநீர் வெட்டிக் கொடுத்தான்.

"அவ எங்கூடப் பேசறதில்ல மாப்ள."

"என்னாலயா?"

"என்னாலதான். நான் உங்களுக்குப் போன் பண்ணது தெரிஞ்சிபோச்சு." அவர் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "அப்படி என்னதான் ஆச்சு மாப்ள? அடிக்கல, திட்டல. ஒரு பொண்ணு சும்மா வருமா? எனக்கு யாருமே சொல்ல மாட்டேங்கறீங்க."

ஜெனித் அவரைத் திரும்பிப் பார்த்தான். "அவ உங்ககிட்ட சொல்லவே இல்லையா மாமா?"

"என்னத்த?"

அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"புயலுக்குப் பின்னாடி… அவ முழுகாம இருந்தா. மூணு மாசம்கூட ஆகல. நல்லபடியாத் தங்கட்டும், அப்புறமா உங்ககிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தோம். ஒருநாள் மத்தியானம் வீட்டுல யாரும் இல்ல, அம்மா ரேஷனுக்குப் போயிருந்தாங்க. நான் இங்க மரம் அறுத்துக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சுச்சு. அவ பேருதான். பாத்தேன். எடுக்கத் தோணல மாமா. அப்ப எனக்கு யாரு போனும் எடுக்கத் தோணாது. திருப்பித் திருப்பி அடிச்சுச்சு. நான் ரம்பத்தப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

சகாயநாதன் கையிலிருந்து இளநீர் சரிந்து மண்ணில் கொட்டியது.

"பக்கத்து வீட்டு ஆட்டோவுல தனியா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. நான் பொழுது சாஞ்சி வீட்டுக்குப் போனப்ப அவ திரும்பி வந்து படுத்திருந்தா. அம்மா சொன்னாங்க, கரு தங்கலடா, இப்படி ஆயிடுச்சுன்னு. நான் போயி அவ பக்கத்துல உக்காந்தேன். ஒரு வார்த்தை வரல. அவ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா, ஏதாவது கேப்பேன்னு. கேக்கல. மறுநாளும் கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல."

"ஏன்யா?" என்றார் சகாயநாதன். மாப்பிள்ளை என்கிற மரியாதை குரலிலிருந்து போய்விட்டது. "ஒரு வார்த்தை கேக்கறதுக்கு உனக்கு என்ன?"

"தெரியல மாமா. மரம் விழுந்ததுக்கு ஊரே வந்து துக்கம் கேட்டுச்சு. மந்திரியெல்லாம் வந்தாங்க. அதுக்கு ஒருத்தரும் வந்து கேக்கல. நானும் கேக்கல. அது நடக்கலன்னு வச்சிக்கிட்டேன். அவளால அப்படி வச்சிக்க முடியல."

காற்று வந்து மட்டைகளை உரசியது. இத்தனை நாள் சகாயநாதன் நினைத்து நினைத்து உருகியது சேற்றில் விழுந்து சிரித்த பையனை. மகள் குடித்தனம் நடத்தியது வேறு ஒருவனோடு. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அத்தை இருந்திருந்தா அவங்ககிட்ட சொல்லியிருப்பா" என்றான் ஜெனித். "நீங்க போன் பண்ணும்போதெல்லாம் எனக்குச் சந்தோசமா இருக்கும் மாமா. தண்ணி, நாத்துன்னு பேசிக்கிட்டு இருந்தா, எல்லாம் பழையபடி இருக்கற மாதிரி இருக்கும். அதான் கையெழுத்துப் போடாமத் தள்ளிக்கிட்டே வந்தேன். அவளை விட முடியாமன்னு நெனச்சிடாதீங்க. உங்கள விட முடியாமத்தான்."

சகாயநாதன் எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம வந்து கையெழுத்துப் போட்டுடுங்க."

"சரி மாமா."

"அவகிட்ட கேளுங்க. அன்னைக்கு என்ன ஆச்சுன்னு."

"கேட்டா மனசு மாறிடும்னு நெனக்கிறீங்களா?"

"மாற வேணாம். கேக்கணும், அவ்ளோதான்."

திரும்புகிற வழியில் தஞ்சாவூரில் இறங்கி லேப்புக்குப் போனார். பிரின்ஸி கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். "வெள்ளிக்கெழம அவரு வருவாரும்மா. நான் இனிமே போன் பண்ண மாட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது, பட்டுக்கோட்டை போய் வந்திருக்கிறார், எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார் என்று. அப்படியே நின்றாள். கேட்க வேண்டியது அவருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுதான்.

"சாப்ட்டியாம்மா?" என்றார்.

"சாப்ட்டேன்ப்பா."

ஜெனித் சொன்னபடி வந்தான். மனுவில் கையெழுத்துப் போட்டான். அவனும் அன்று எதையும் கேட்கவில்லை. போட்டுவிட்டு உடனே பஸ்ஸுக்குப் போய்விட்டான். பிரின்ஸி ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். தை பிறந்தது. அறுவடை மெஷின் வந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி, ஈரம் காயக் காத்துக் கிடந்தார் சகாயநாதன். புயலுக்கு முந்தின வருஷங்களில் அந்தக் காவலுக்கு ஜெனித்தும் பாய் தலையணையோடு வந்து படுப்பான், விடியவிடியப் பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது போனைக் கையில் எடுப்பார், பெயரைப் பார்ப்பார், வைத்துவிடுவார். பிறகு உளுந்து தெளித்து, அதுவும் அறுப்பானது. வயலில் வாத்துக்காரர்கள் வந்து இறங்கிப் போனார்கள்.

சித்திரை வெயிலில் கடைசி வாய்தா. கோர்ட்டு வளாகத்தில் புங்கமரத்தடியில் கூட்டம். விஜயலட்சுமி கறுப்புக் கோட்டோடு இரண்டு வழக்குக்கு நடுவில் ஓடிவந்து, "இன்னும் நேரம் இருக்கு, இங்கயே இருங்க" என்றாள். சகாயநாதன், பிரின்ஸி, கொஞ்சம் தள்ளி ஜெனித். அப்புறம் ஜெனித் இரண்டடி எடுத்து வைத்து, "பிரின்ஸி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான்.

சகாயநாதன் எழுந்து, தண்ணீர் குடிக்கப்போவதுபோல் நகர்ந்துவிட்டார். ஆவின் கடை ஓரத்திலிருந்து பார்த்தார். அவன் கேட்டது காதில் விழவில்லை. அவள் பேச ஆரம்பித்தாள், கையை ஆட்டி ஆட்டி, நிறுத்தாமல். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அழுதாள். அவனும் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நடுவில் அவள் ஏதோ சொல்லி இருவரும் ஒரு நொடி சிரித்தார்கள்கூட.

விஜயலட்சுமி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "என்னங்கய்யா, சேந்துடுவாங்க போல இருக்கே?"

"தெரியலம்மா" என்றார். இந்த ஆடிக்கு விதை விடும்போதே மாப்ள… என்று ஒரு கணம் அவர் மனசு ஓடியது. அதை இழுத்துப் பிடித்தார். இழுத்துப் பிடிப்பது அவ்வளவு லேசாக இல்லை.

டவாலி பெயர்களைக் கூப்பிட்டான். மரத்தடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரின்ஸி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் பின்னால் நடந்தான். உள்ளே நீதிபதி கேட்டார், யாருடைய வற்புறுத்தலும் இல்லையே, நன்றாக யோசித்தீர்களா என்று. "சம்மதம்" என்றாள் அவள். "சம்மதம்" என்றான் அவன். கதவோரம் நின்ற சகாயநாதனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் உதட்டை மட்டும் அசைத்து, தனக்குள் ஒருதரம் அதைச் சொல்லிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஜெனித் வக்கீலம்மாவைக் கும்பிட்டான். பிறகு அவர் எதிரில் வந்து நின்றான். என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. "உடம்பப் பாத்துக்கங்க" என்றான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார், விட்டார். அவன் கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பி மறைந்தான்.

மாலை பாசஞ்சரில் கூட்டமில்லை. அப்பாவும் மகளும் எதிரெதிரே ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். வயலெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஆலக்குடியில் ரயில் நின்று கிளம்பியது. சகாயநாதன் துண்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"அன்னைக்கு ரொம்ப வலிச்சுச்சாம்மா?"

பிரின்ஸி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். அப்பாவை ரொம்பநேரம் பார்த்தாள்.

"வலி தெரியலப்பா. ஆட்டோவுல போறப்ப ஒரே பயமா இருந்துச்சு. ஆட்டோக்காரண்ணன் ஸ்பீட் பிரேக்கர்லயெல்லாம் எறங்கித் தள்ளிக்கிட்டே போனாரு, குலுங்கக் கூடாதுன்னு. அதை நெனச்சாத்தான் எனக்கு இன்னும் அழுகை வரும். யாரோ ஒரு மனுசன்…" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பொண்ணுதான்னு நானே முடிவு பண்ணி வச்சிருந்தேன்ப்பா. அம்மா பேருதான் வைக்கணும்னு. சின்ன செசிலி. ஆனா அம்மா மாதிரி மூக்கு இருக்கக் கூடாதுன்னு வேற வேண்டிக்கிட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. "அவ மூக்குக்கு என்னடி கொறச்சல்?"

"உங்களுக்குத் தெரியாதுப்பா, அம்மாவே சொல்லுவாங்க…"

அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டவர்கள், கூட வந்தது யார் என்று கேட்டவர்கள், பக்கத்துக் கட்டில்காரி கொடுத்த ஹார்லிக்ஸ், திரும்பி வந்து படுத்துக்கொண்டு கேட்ட ரம்பச் சத்தம். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ரயில் வேகம் குறைந்தது. பூதலூர் பிளாட்பாரம் ஜன்னலில் மெல்ல வந்து நின்றது. வண்டிக்குள்ளிருந்து இரண்டு பேர் கூடையோடு இறங்கினார்கள். பிரின்ஸி கவனிக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தாள். சகாயநாதன் தங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையைப் பார்த்தார், மகள் முகத்தைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. விசில் ஊதியது. பிளாட்பாரம் பின்னால் நகர்ந்து போனது.

"அப்புறம்?" என்றார்.